ஒரு துண்டு நுரையீரல்: எப்ப எடுக்கணும், எப்ப விடணும்?

மருத்துவப் பரிசோதனைன்னு வந்துட்டா நம்ம ஊர்ல ரெண்டே கட்சிதான் மக்களே. ஒண்ணு, "எல்லா டெஸ்டையும் எடுத்துடுங்க டாக்டர், செலவைப் பத்தி யோசிக்காதீங்க" கட்சி. இன்னொண்ணு, "சதையைக் கிள்ளி எடுத்தா பரவிடும், மருந்து மட்டும் குடுங்க போதும்" கட்சி. நுரையீரல் பயாப்சின்னு பேச்சு வந்தா இந்த ரெண்டு கட்சியும் ஒரே வீட்டுக்குள்ளயே மோதிக்கும். அதுவும் படுத்திருக்கிறவர் ஏற்கனவே நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவரா இருந்துட்டா கேட்கவே வேணாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் படிக்க நேரமில்லாதவங்க இதோட எஸ்கேப் ஆயிக்கலாம் :-) "பயாப்சி நல்லதா, கெட்டதா?"ன்னு பொதுவா கேட்டா அதுக்குப் பதில் கிடையாது. "இந்த ஆளுக்கு, இன்னிக்கு எடுத்தா, வர்ற ரிசல்ட்டால நாளைக்கு மருந்து மாறுமா?"ன்னு கேட்டா பதில் இருக்கு. மாறும்னா தள்ளிப்போடாம எடுக்கணும். மாறாதுன்னா தொடவே கூடாது. நம்ம ஊர்ல பெரும்பாலும் நடக்கிறது நடுவுல ஒண்ணு. எல்லா மருந்தையும் வரிசையா குடுத்துப் பார்த்து, எதுவும் கேட்காம, உடம்பு ஓஞ்சு போனப்புறம் "இனி பயாப்சிதான்"னு வந்து நிக்கிறது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பொறியியல் படிச்சுட்டு பொட்டி தட்டுற ஆள். இந்த விஷயத்தை ஏன் இவ்வளவு படிச்சேன்னு கொஞ்சம் கீழ வரும்.

ஒரே நிழல், பத்து காரணம்

எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்கன்னா யாரு? சிறுநீரகம், கல்லீரல் மாத்திக்கிட்டவங்க. கீமோதெரபி எடுக்கிறவங்க. எச்.ஐ.வி. இருந்து மருந்து எடுக்காதவங்க. மூட்டுவாதத்துக்கோ வேற எதுக்கோ மாசக்கணக்கா ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க.

நல்லா இருக்கிற எனக்கு காய்ச்சலும் இருமலும் வந்து எக்ஸ்ரேல ஒரு நிழல் தெரிஞ்சா, டாக்டர் அதிகம் யோசிக்க மாட்டார். வழக்கமான நிமோனியா கிருமிகள் நாலஞ்சுதான். அதுக்கு ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வாரத்துல சரி. ஆனா இவங்களுக்கு அதே நிழல் வந்தா பட்டியல் நீளம். டி.பி.யா இருக்கலாம். ஆஸ்பர்ஜில்லஸ், மியூகர் மாதிரி பூஞ்சையா இருக்கலாம். நியூமோசிஸ்டிஸ், நோகார்டியா, சைட்டோமெகலோ வைரஸ்னு நாம கேள்விப்படாத பேர் எதுவாவது இருக்கலாம். கிருமியே இல்லாம, சாப்பிடுற மருந்தே நுரையீரலைப் புண்ணாக்கி இருக்கலாம் (மெத்தோட்ரெக்ஸேட், ப்ளியோமைசின் ரெண்டும் இதுக்குப் பேர் போனவை). புற்றுநோயே நுரையீரலுக்கு வந்திருக்கலாம். ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல இதுல ரெண்டு இருக்கறதும் உண்டு.

சரி, எல்லாத்துக்கும் சேர்த்து மருந்து குடுத்துட்டா என்ன? இங்கதான் சிக்கல். மருந்துகள் ஒண்ணுக்கொண்ணு எதிரி. மருந்தால வந்த புண்ணுக்கு ஸ்டீராய்டு குடுக்கணும்; உள்ளே பூஞ்சை இருந்தா அதே ஸ்டீராய்டு அதுக்கு விருந்து. ஆஸ்பர்ஜில்லஸுக்கு வோரிகோனசோல் அருமையான மருந்து. மியூகர்கிட்ட அது வேலை செய்யாது. மியூகருக்கு ஆம்ஃபோடெரிசின் வேணும், முடிஞ்சா அறுவை சிகிச்சையும் வேணும். 2021ல கொரோனா இரண்டாம் அலை அப்போ "கருப்புப் பூஞ்சை"ன்னு பேப்பர்ல தினம் படிச்சோமே, அதேதான் இந்த மியூகர். அந்த மருந்துக்கு ஊர் ஊரா அலைஞ்ச குடும்பங்களை நாம பார்த்தோம். அப்போ அது பெரும்பாலும் மூக்கு, கண் பக்கம் வந்துச்சு. நுரையீரல்லயும் வரும்.

இந்த ரெண்டு பூஞ்சையையும் ஸ்கேன்ல பிரிச்சுச் சொல்றது கஷ்டம். மைக்ராஸ்கோப்ல பார்த்தா நல்லாவே வித்தியாசம் தெரியும். ஆஸ்பர்ஜில்லஸ் இழை ஒல்லியா, குறுக்குத் தடுப்புகளோட, சுமார் 45 டிகிரில கிளை பிரியும். மியூகர் இழை ரிப்பன் மாதிரி அகலமா, தடுப்பு அதிகம் இல்லாம, கிட்டத்தட்ட செங்கோணத்துல பிரியும். ஒரு சின்னத் துண்டு சதை இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைக்கும். பயாப்சியோட மதிப்பு என்னன்னு கேட்டா, முதல் பதில் இது.

லாஸ் ஏஞ்சலஸ், 1981

இரண்டாவது பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு. 1981 ஜூன் 5. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) தன்னோட வாராந்திர அறிக்கைல ஒரு சின்னக் குறிப்பு போட்டது. லாஸ் ஏஞ்சலஸ்ல 3 மருத்துவமனைகள்ல 5 இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, பயாப்சி மூலமா உறுதி செய்யப்பட்டது, ரெண்டு பேர் இறந்துட்டாங்கன்னு. எய்ட்ஸ் பத்தி உலகத்துல வெளிவந்த முதல் மருத்துவ அறிக்கை அதுதான்.

"பயாப்சி மூலமா உறுதி செய்யப்பட்டது" - அந்த வார்த்தையைக் கவனிங்க. நியூமோசிஸ்டிஸ், எதிர்ப்பு சக்தி உள்ளவங்களுக்குப் பொதுவா வராத நோய். அதுக்கு முன்னாடி வரைக்கும் நல்லா இருந்த இளைஞர்களுக்கு அது வந்திருக்குன்னு சந்தேகமில்லாம நிரூபிக்காம இருந்திருந்தா, "ஏதோ வைரஸ் நிமோனியா"ன்னு ஃபைலை மூடியிருப்பாங்க. இன்னொரு துப்பும் அப்போ கிடைச்சது. பென்டமிடின்கிற மருந்தை அமெரிக்காவுல சி.டி.சி. மட்டும்தான் வெச்சிருந்தது. அந்த மருந்தைக் கேட்டு வழக்கத்துக்கு மாறா நிறைய கோரிக்கை வருதேன்னு அங்க வேலை பார்த்த ஒரு பெண்மணி கவனிச்சாங்க. நுரையீரல் திசு ஒரு பக்கம், மருந்துக் கணக்கு ஒரு பக்கம், ரெண்டும் சேர்ந்து ஒரு புது நோயைக் காட்டிக் குடுத்துச்சு.

இப்ப அதே கதையோட அடுத்த பாகம். 1985ல எச்.ஐ.வி.க்கு ரத்தப் பரிசோதனை வந்துடுச்சு. 1986ல இந்தியாவோட முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னைல. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியோட டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரிச்சுதான் கண்டுபிடிச்சாங்க. யாரோட நுரையீரலையும் தொட வேண்டிய அவசியம் வரலை. நியூமோசிஸ்டிஸைப் பிடிக்கவும் எளிய வழிகள் வந்துச்சு. பிராங்கோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு, கொஞ்சம் உப்புத் தண்ணி ஊத்தி, திரும்ப உறிஞ்சி எடுத்துப் பார்க்கறது. எய்ட்ஸ் நோயாளிகள்ல நியூமோசிஸ்டிஸ் இருந்தா, 10 பேர்ல 9 பேருக்கு மேல இந்தக் கழுவின தண்ணியிலயே மாட்டிக்கும். அவங்க நுரையீரல்ல கிருமி அவ்வளவு அடர்த்தியா இருக்கறதுதான் காரணம்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிற பாடம்: நோய்க்குப் பேர் தெரியாதப்போ பயாப்சிதான் ராஜா. பேர் தெரிஞ்சு, அதுக்கு எளிய டெஸ்ட் வந்துட்டா ராஜா ஓய்வு எடுத்துக்கணும். ஒரு சின்ன எச்சரிக்கை. எச்.ஐ.வி. இல்லாத மத்தவங்களுக்கு, உதாரணமா ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கு, இதே நியூமோசிஸ்டிஸ் வந்தா கிருமி எண்ணிக்கை குறைவா இருக்கும், நோய் வேகமா முத்தும். கழுவின தண்ணியில அவ்வளவு சுலபமா மாட்டாது. ஒரு கூட்டத்துக்குப் பொருந்துற கணக்கை இன்னொரு கூட்டத்துக்கு அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது.

சித்தப்பா கதை

என் சித்தப்பாவுக்கு சிறுநீரகம் மாத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. குடுத்தது சித்தி. திடீர்னு ஒரு மாசமா சாயந்திரக் காய்ச்சல், இருமல், எடைக் குறைவு. சி.டி. ஸ்கேன்ல வலது நுரையீரலோட ஓரத்துல ஒரு கட்டி, நடுவுல பள்ளம் விழுந்த மாதிரி. சளியில டி.பி. கிருமி இல்லை. பிராங்கோஸ்கோப்பி பண்ணிக் கழுவிப் பார்த்தும் ஒண்ணும் தெரியலை. ஒரு டாக்டர் "நம்ம நாட்டுல இந்த மாதிரி இருந்தா டி.பி.தான், மருந்தை ஆரம்பிச்சுடலாம்"னார். இன்னொரு டாக்டர் "ஊசி போட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்"னார். முடிவு குடும்பத்து கைல.

பெரியப்பா பிடிவாதமா இருந்தார். "ஏம்ப்பா, ஏற்கனவே அறுத்து, தைச்ச உடம்பு. இன்னும் எதுக்கு ஊசியைக் குத்தணும்? டி.பி. மருந்து சும்மா கெடைக்குது, குடுத்துப் பார்த்துட்டாப் போச்சு."

"குடுத்துப் பார்க்கறது சும்மா இல்ல பெரியப்பா. அதுல இருக்கிற ஒரு மருந்து, கிட்னியைக் காப்பாத்துற மருந்தையே ரத்தத்துல இறக்கிவிட்டுடும்னு டாக்டர் சொல்றார். சித்தி குடுத்த கிட்னி பெரியப்பா."

அதுக்கப்புறம் அவர் பேசலை.

விஷயம் இதுதான். டி.பி. சிகிச்சையோட முதுகெலும்பு ரிஃபாம்பிசின். அது கல்லீரலை உசுப்பிவிட்டு டாக்ரோலிமஸை (மாத்தின உறுப்பை உடம்பு ஒதுக்காம இருக்கக் குடுக்கிற மருந்து) வேகமாக் கரைச்சுடும். டோஸை ஏத்தி, அடிக்கடி ரத்தத்துல அளவு பார்த்து சமாளிக்கலாம், மாற்று மருந்தும் உண்டு. ஆனா சறுக்கினா சிறுநீரகம் போயிடும். பூஞ்சைன்னு நினைச்சு வோரிகோனசோல் குடுத்தா நேர் எதிர், டாக்ரோலிமஸ் அளவு எகிறும். ஆம்ஃபோடெரிசின் குடுத்தா அதுவே சிறுநீரகத்தைத் தாக்கும். "கண்ணை மூடிட்டு மருந்து குடுத்துப் பார்க்கறது பாதுகாப்பு, பயாப்சிதான் ஆபத்து"ங்கிற நினைப்பு இந்த மாதிரி ஆட்களுக்குப் பொருந்தாது. ரெண்டு பக்கமும் ஆபத்து இருக்கு. ஒரு பக்கத்து ஆபத்துக்கு மட்டும் நம்மகிட்ட கையெழுத்து வாங்குறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசி போட்டு எடுத்தாங்க. நுரையீரலைச் சுத்திக் கொஞ்சம் காத்து கசிஞ்சது, ரெண்டு நாள் கவனிச்சதுல தானா சரியாயிடுச்சு. ரிசல்ட்: நோகார்டியா. மண்ணுல வாழற ஒரு பாக்டீரியா. டி.பி. மருந்துத் திட்டம் இதுக்கானதே இல்லை. நம்ம ஊர்ல செப்ட்ரான்னு சொல்ற பழைய மருந்துதான் இதுக்கு முக்கியமான ஆயுதம், மாசக்கணக்குல சாப்பிடணும். இன்னொரு முக்கியமான விஷயம், நோகார்டியாவுக்கு மூளைக்குத் தாவுற கெட்ட பழக்கம் உண்டு. பேர் தெரிஞ்ச அன்னிக்கே தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க, நல்லவேளை ஒண்ணும் இல்லை. பேர் தெரியாம இருந்திருந்தா அந்த ஸ்கேன் எடுக்கணும்னே யாருக்கும் தோணியிருக்காது.

ஒரு ஆளோட கதையை வெச்சு மருத்துவம் பேசக்கூடாதுன்னு எனக்கும் தெரியும். அதனால அடுத்தது எதிர்க்கட்சி வாதம்.

எதிர்க்கட்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு

ஒரு பரிசோதனையோட பயனை மூணு படியா பார்க்கலாம். முதல் படி, காரணம் தெரிஞ்சுதா? இரண்டாவது, தெரிஞ்சதால சிகிச்சை மாறுச்சா? மூணாவது, மாறினதால ஆள் பிழைச்சாரா? பயாப்சி ஆய்வுகள்ல முதல் படியில நிறைய பேர் ஏறிடுவாங்க. ரெண்டாவதுல கூட்டம் குறையும். மூணாவதுல இன்னும் குறையும். "காரணம் கண்டுபிடிச்சோம்"னு சொல்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது.

1980கள்ல அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்துல துணிச்சலா ஒரு ஆய்வு பண்ணினாங்க. நுரையீரல் முழுக்கப் பரவின நிழலோட வந்த புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு நெஞ்சைத் திறந்து பயாப்சி, இன்னொரு பக்கத்துக்கு நேரா மருந்து. பயாப்சி எடுத்தவங்க கூடுதலா பிழைச்சாங்கன்னு காட்ட முடியலை. நோயாளி எண்ணிக்கை ரொம்பக் கம்மி, மருந்துகளும் அந்தக் காலத்துது. இருந்தாலும் ஒதுக்கிட முடியாத முடிவு.

2010ல பிரான்ஸ்ல இருந்து இன்னொரு ஆய்வு. மூச்சுத் திணறலோட ஐ.சி.யூ.வுக்கு வந்த 219 புற்றுநோயாளிகள். ஒரு பிரிவுக்கு ரத்தம், சளி, சிறுநீர், ஸ்கேன் மாதிரி உடம்பைத் துளைக்காத சோதனைகள் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோட சேர்த்து பிராங்கோஸ்கோப்பி, கழுவின தண்ணி. கடைசில ரெண்டு பிரிவுலயும் கிட்டத்தட்ட 5ல 1 ஆளுக்குக் காரணம் தெரியவே இல்லை. அதாவது நல்லா யோசிச்சுப் பண்ற எளிய சோதனைகளே நிறைய தூரம் கூட்டிட்டுப் போகும். (இது பயாப்சி பத்தின ஆய்வு இல்லை, அதைவிட ஒரு படி கீழ இருக்கிற சோதனை பத்தினது. ஆனா வாதத்துக்குப் பொருந்தும்.)

ஆபத்தும் கற்பனை இல்லை. பிராங்கோஸ்கோப் வழியா கிள்ளி எடுக்கறதுல 100ல சில பேருக்கு நுரையீரல்ல காத்து கசியும். வெளியில இருந்து ஊசி போட்டு எடுத்தா அது இன்னும் அதிகம், பெரும்பாலும் தானா சரியாகும், சிலருக்குக் குழாய் போட வேண்டி வரும். ரத்தத்துல பிளேட்லெட் 50,000க்குக் கீழ இருந்தா கிள்ளி எடுக்க டாக்டர்கள் தயங்குவாங்க, ரத்தக்கசிவு பயம். வென்டிலேட்டர்ல இருக்கிறவருக்குக் காத்து கசிஞ்சா நிலைமை ரொம்ப மோசம். இவ்வளவு பண்ணியும், உள்ளே இருந்து வர்றது ரெண்டு மூணு மில்லிமீட்டர் துண்டு. கோடிக்கணக்கான காற்றுப் பைகள் இருக்கிற நுரையீரல்ல அது எந்த மூலைன்னு யாருக்குத் தெரியும்? நம்ம பாஷையில, லட்சம் வரி லாக் ஃபைல்ல கண்ணை மூடிட்டு பத்து வரியைப் பிச்சு எடுத்த மாதிரி. அதுல ஒண்ணும் இல்லைன்னா எரரே இல்லைன்னு அர்த்தம் இல்லையே.

இதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா ஒரு வாதத்தை மட்டும் ஒத்துக்க மாட்டேன்: "பயாப்சி எடுத்தவங்கதான் அதிகமா இறந்திருக்காங்க, பாருங்க." வேற வழியெல்லாம் அடைஞ்ச பிறகு, மோசமான நிலைல இருக்கிறவங்களுக்குத்தானே எடுக்கறாங்க? ஐ.சி.யூ.வுல சேர்ந்தவங்கதான் அதிகம் இறக்கறாங்க, அதனால ஐ.சி.யூ. ஆபத்துன்னு சொல்ற மாதிரி இருக்கு. 2017ல 16 நாடுகள்ல 1,600க்கு மேற்பட்ட எதிர்ப்பு சக்தி குறைஞ்ச நோயாளிகளை வெச்சு வந்த ஆய்வுல, மூச்சுத் திணறலுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாதவங்க இறக்கற வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சது. இதுலயும் காரணம் எது, விளைவு எதுன்னு பிரிக்கறது கஷ்டம்தான். ஆனா "பேர் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன"ன்னு தோளைக் குலுக்கிட்டுப் போறதுக்கு இது இடம் குடுக்கலை.

நான் கேட்கச் சொல்ற மூணு கேள்வி

1. இதே பதில் ரத்தத்துலயோ சளியிலயோ கிடைக்குமா? டி.பி.க்கு சளியில மரபணுச் சோதனை இருக்கு. ஆஸ்பர்ஜில்லஸுக்கு கேலக்டோமன்னன்னு ரத்தத்துலயே பார்க்கற டெஸ்ட் இருக்கு (மியூகர் இதுல மாட்டாதுங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க). இதெல்லாம் ஒண்ணு ரெண்டு நாள் வேலை. முதல்ல இதை முடிக்கணும்.

2. என்னென்ன ரிசல்ட் வரலாம், ஒவ்வொண்ணுக்கும் என்ன மருந்து? டாக்டர்கிட்ட இதைக் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. எல்லா வரியிலயும் ஒரே மருந்துதான் வருதுன்னா பயாப்சி வேண்டாம். வரிக்கு வரி மருந்து மாறுது, அதுல ஒண்ணு இன்னொண்ணுக்கு விஷம்னா, எடுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

3. இன்னிக்குத் தாங்குற உடம்பு அடுத்த வாரம் தாங்குமா? எல்லாரும் விடுற கேள்வி இதுதான். இன்னிக்கு மூக்குல ஆக்சிஜன் வெச்சு உட்கார்ந்து பேசறவர், அடுத்த வாரம் வென்டிலேட்டர்ல இருக்கலாம். அப்ப அதே பயாப்சியோட ஆபத்து பல மடங்கு, பயன் பாதி. "கொஞ்சம் பார்த்துட்டு எடுக்கலாம்"னு சொல்றப்போ, அந்தக் "கொஞ்சம்" எத்தனை நாள்னு தேதி போட்டுக்கணும்.

எடுக்கறதுன்னு முடிவாயிட்டா, இன்னொரு சின்ன விஷயம். எடுத்த சதை ரெண்டு இடத்துக்குப் போகணும். மைக்ராஸ்கோப்ல பார்க்க ஃபார்மலின்ல ஒரு பங்கு. கிருமியை வளர்த்துப் பார்க்க, கிருமி நீக்கின உப்புத் தண்ணியில ஒரு பங்கு. எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டா கிருமி செத்துடும், அப்புறம் எந்த மருந்து கேட்கும்னு பார்க்க வழியில்லை. "கல்ச்சருக்கும் அனுப்பறீங்கல்ல டாக்டர்?"னு பணிவா ஒரு வார்த்தை கேட்கறதுல தப்பே இல்லை. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டா அதையும் முன்கூட்டியே சொல்லிடணும்.

"பரவிடும்"கிற பயத்துக்கும் ஒரு பதில். கிருமித் தொற்றுல ஊசி போட்டதால நோய் ஊரெல்லாம் பரவறது வழக்கமில்லை. புற்றுநோய்ல ஊசி போன பாதையில செல்கள் ஒட்டிக்கறது நடந்திருக்கு, ஆனா ரொம்ப ரொம்ப அரிது. அந்த அரிய ஆபத்துக்குப் பயந்து, தப்பான மருந்தை மாசக்கணக்கா விழுங்கற நிச்சயமான ஆபத்தை வாங்கிக்கறது எந்தக் கணக்குலயும் சேராது.

ஒருநாள் இந்த வாதமே தேவைப்படாமப் போகலாம். ரத்தத்துலயோ கழுவின தண்ணியிலயோ இருக்கிற எல்லாக் கிருமியோட மரபணுவையும் மொத்தமாப் படிக்கிற சோதனைகள் வந்துட்டு இருக்கு. ஆனா கிருமி "இருக்கு"ன்னு சொல்றதும், அதுதான் திசுவை அரிக்குதுன்னு கண்ணால பார்க்கறதும் வேற வேற. அதுவரைக்கும் அந்தச் சின்னத் துண்டுக்கு வேலை இருக்கு. ஆனா அதைக் கடைசி ஆயுதமா வெச்சுக்காதீங்க. ஆள் உட்கார்ந்து பேசிட்டு இருக்கும்போதே, எடுக்கறதா வேண்டாமான்னு பேசி முடிச்சுடுங்க.

மருத்துவர்களா இருக்கிற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, பின்னூட்டத்துல வந்து பிரிச்சு மேயலாம். மத்தவங்க வீட்டுல நடந்ததையும் எழுதுங்க, பேச நிறைய இருக்கு.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. உங்க டாக்டர்கிட்ட என்ன கேட்கலாம்னு சொல்ற பதிவு மட்டுமே. சித்தப்பா நல்லா இருக்கார், சித்தியோட கிட்னியும் :-)